ஓரத்தில் பதிந்தவை

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையைச் சென்ற ஆடி மாதம் தொடங்கினேன். மொத்தம் 43 கேசட்டுகள். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டை விற்பது என்று முடிவான பிறகு, அட்டாலியிலிருந்து இறக்கிய ஒரு தகரப் பெட்டிக்குள் அவை கிடந்தன. கூடவே ஒரு கட்டு நிழற்படங்களும், காடா துணியின் மீட்டர் கணக்கு எழுதிய நோட்டுகளும், எதற்கென்றே தெரியாத இரண்டு சாவிகளும் இருந்தன. ஒவ்வொரு கேசட்டின் மேலும் அப்பா தம் கையால் தேதி எழுதியிருந்தார். என்ன பாட்டு என்று ஒன்றில்கூட எழுதவில்லை. போட்டால் தெரியத்தானே போகிறது என்பது அவர் கட்சி.

ஓடும் நிலையில் ஒரு கேசட் பிளேயரைத் தேடிப் பிடிப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அதன் ரப்பர் பட்டை தளர்ந்து, பாட்டெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுத்தது. திருப்பூரில் ஒரு பழைய மெக்கானிக் பட்டையை மாற்றிக் கொடுத்ததுடன், ஒலிக்கும் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கவும், அதன் பக்கத்துத் திருகாணியை மயிரிழை அளவு திருப்பி மங்கிய ஒலியைத் தெளிவாக்கவும் கற்றுக் கொடுத்தார். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டிக்குள் நாடா நொடிக்கு நாலேமுக்கால் சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய ஏறத்தாழ 86 மீட்டர் நாடா வேண்டும். மீட்டரில் கணக்குப் பார்ப்பது எங்கள் குடும்பத்து நோய். தறி ஓட்டும் வீடுகளில் நாடா என்ற சொல்லுக்கும் முதலில் வேறு பொருள்தான்: பாவு நூல்களுக்கு நடுவே ஊடையைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் பாயும் கட்டைக்கு நாடா என்று பெயர். கேசட் வந்த புதிதில், நாடா அறுந்துவிட்டது என்று நான் ஓடிவந்து சொன்னபோது, நாடா எப்படி அறும் என்று அம்மா விழித்தது நினைவிருக்கிறது.

பல வருடம் ஓடாமல் சுற்றிக் கிடந்த நாடாவில் ஒரு விந்தை நடக்கிறது. ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு, அதை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாக ஒட்டிக்கொள்கிறது. அதனால், பாட்டு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடிக்கு முன்பே, அதே பாட்டின் முதல் வரி மிக மெல்லியதாக, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்கிறது. முதல் நாள் இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டபோது நான் பயந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் தெரிந்த பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. வரப்போகிற ஒன்று தன் நிழலை முன்னால் அனுப்புவது, பாட்டில் என்றாலும் கொஞ்சம் அச்சமூட்டத்தான் செய்கிறது.

எங்கள் வீட்டில் பாட்டுப் பதிவது ஒரு சடங்கு. ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ஒன்றாக இணைந்த பெட்டி எங்களிடம் இல்லை. ரேடியோ தனி, அது பேட்டரியில் ஓடுவது. டேப் ரிக்கார்டர் தனி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஓர் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், கொண்டுவந்து, பணமுடையில் அப்பாவிடம் விற்றது. அது மின்சாரத்தில் ஓடும். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் ஒரு முக்காலியின் மேல் இரண்டையும் எதிரெதிரே வைத்து, கோவை வானொலியிலோ இலங்கை வானொலியிலோ நல்ல பாட்டு வருகிற நேரம் பார்த்து, அப்பா இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவார். அதற்கு முன் கதவுகள் சாத்தப்படும். எங்களுக்கு மூச்சுவிட மட்டும் அனுமதி. ஆனால் ஆசாரத்துக்கு அடுத்த சுவரின் பின்னால் எங்கள் ஆறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தைகளின் வாயை அடைத்த மனிதர் அவற்றை ஒருநாளும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் கூலி போகும். தவிர, அவர் காதில் அது சத்தமாகவே விழவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே 43 கேசட்டுகளிலும் பாட்டுக்குப் பின்னால் தறி ஓடுகிறது. ஒவ்வொரு தறியிலும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் குறுக்கே பாய்கிறது. ஆறு தறிகள் ஆறு கதியில் அடிக்க, அவற்றின் மேலே மென்மையான காதல் பாட்டு ஒன்று மிதந்து போகிறது. சில கேசட்டுகளில் காற்றும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட திறப்பு. ஆனி, ஆடியில் அதன் வழியே வருகிற காற்று எங்கள் பக்கத்து ஓடுகளைத் தட்டி எழுப்பாமல் போகாது. தேதி அழிந்துபோன ஆறு கேசட்டுகளை மாதவாரியாகப் பிரிக்க எனக்கு அந்தக் காற்றுதான் உதவியது. ஓட்டின் அடியில் ஊளையிட்டால் ஆடி. மார்கழி என்றால் காற்று இல்லை. தொலைவில் கோயில் குழாய் ஸ்பீக்கரில் வேறொரு பாட்டு, நம் பாட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்.

1-8-87 என்று தேதியிட்ட கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், பதினோராம் நிமிடத்தில், பாட்டு நடுவில் திடீரென்று வேகம் பிடிக்கிறது. பாடகரின் குரல் மேலே ஏறி, பெண் குரலாகி, குழந்தைக் குரலாகி, அணில் கீச்சிடுவதுபோல் கீச்சிட்டு நின்றுபோகிறது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது: அது மின்சாரம் போன கணம். ரிக்கார்டரின் மோட்டார் தளர்ந்து நிற்கும்போது நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது அது விரைவாகவும் உச்சமாகவும் கேட்கிறது. அந்தக் கீச்சு முடிந்த மறு கணமே, தலைகீழாக, ஓர் அணில் குரல் கீழே இறங்குகிறது. மின்சாரம் திரும்பியிருக்கிறது, அழுத்திய பொத்தான்கள் அப்படியே இருந்ததால் எந்திரம் தானாகப் பதியத் தொடங்கியிருக்கிறது. இடையில் போனது ஐந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ, நாடாவுக்கு அது ஒரு கணம்கூட இல்லை. இறங்கி வரும் அந்தக் குரல் பாடகருடையது அன்று. "கரண்ட் வந்துருச்சு" என்று அப்பா சொல்கிறார். 'கரண்ட்' என்பது ஒரு சிறு பையனின் குரலில் தொடங்குகிறது. 'வந்து' வரும்போது அவனுக்கு மீசை முளைத்துவிடுகிறது. 'ருச்சு' என்பதில் அவர் என் அப்பா. அதன் பின் சிறிது நேரம் ரேடியோவின் வேறொரு பாட்டு மட்டும், தறியின் துணை இல்லாமல், கூச்சப்பட்டுக்கொண்டு ஒலிக்கிறது. பிறகு ஒருவர் ஒவ்வொரு கைப்பிடியாக இழுத்துவிட, தறிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுந்துகொள்கின்றன.

இதை நான் அன்று இரவு எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. அப்பா இறந்தது 2012இல். தமிழகம் முழுவதும் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டுகொண்டிருந்த காலம் அது. உடலை வைத்திருந்த குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வாங்கப் போன பையன் இன்னும் வரவில்லை. இப்படியே அந்த ஒன்றரை நாளும் போயிற்று. நான் அழவில்லை. மகள் அழவில்லையே என்று இரண்டு பெரியம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. கருமாதி முடிந்தும், வருட திதி முடிந்தும் அது வரவில்லை. எனக்கு அந்த உறுப்பே இல்லையோ என்று ஒரு சந்தேகம்கூட இருந்தது. வந்தது பதின்மூன்று வருடம் கழித்து, 'கரண்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தில். துக்கம் என்றுகூட அதை நான் சொல்ல மாட்டேன். அவர் ஒரு காலத்தில் சிறுவனாக இருந்திருப்பார் என்பது அதுவரை என் எண்ணத்திலேயே வந்ததில்லை என்ற வெட்கம்தான் அதில் பாதிக்கு மேல்.

அந்தப் பாட்டு இன்று கைபேசியில் எந்நேரமும் கிடைக்கிறது, துடைத்து வைத்த கண்ணாடிபோல. ஒருநாள் காலையில் பேருந்தில் அதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். குறிப்பிட்ட இடம் நெருங்க நெருங்க என் உடம்பு தானாகத் தயாராகியது. பாட்டோ அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு கடந்து போய்விட்டது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, தரை வந்துவிடும்போது உடம்பு ஒரு குலுக்கு குலுக்குமே, அப்படி இருந்தது.

இனி அந்தப் படக் கட்டு. அப்பாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 என்ற கேமரா இருந்தது. அதுவும் யாரிடமோ வாங்கிய பழசு. 120 என்ற எண்ணுள்ள சுருளைப் போட்டால் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். சுருள் வாங்கக் கோவைக்குப் போக வேண்டும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை இன்றும் சுமக்கும் சாலையின் பக்கம் அவர் போய்வருவார். கேமராவின் முதுகில் ஒரு சிறு சிவப்புக் கண்ணாடிச் சாளரம் உண்டு. ஒரு படம் எடுத்ததும் திருகைத் திருப்பி, அடுத்த எண் அந்தச் சாளரத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திருப்ப மறந்தால் கேமரா தடுக்காது. அடுத்த படம் முந்தைய படத்தின் மேலேயே விழும்.

1981இல் அப்படி ஒன்று விழுந்தது. அப்பா முதலில் மாடு கட்டும் கட்டுத்தறியில் நின்ற, சாம்பல் நிற மயிலைக் காளையை எடுத்திருக்கிறார். பிறகு, திருப்ப மறந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாருவை, அதாவது என் தாத்தாவை, எடுத்திருக்கிறார். கழுவி வந்த படத்தில், சட்டையில்லாத கிழவர் ஒருவரின் இரண்டு தோள்களுக்கும் மேலே இரண்டு கொம்புகள் எழுந்து நிற்கின்றன. காளையின் கண் இருக்கும் இடத்தில் அவருடைய தோளெலும்பு. திமிலும் தலைப்பாகையும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சுருளில் ஒரு படம் வீண் என்று அப்பா மட்டும் தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். அந்தக் காளை கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் கன்றாக வாங்கியது. காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, மாதங்கள் போகப்போகத்தான் மயிலை நிறத்துக்கு மாறும். எங்கள் கண்முன் நிறம் மாறியது என்று அப்பாரு அதைப் பற்றிச் சொல்லும்போது, பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாத ஒரு பெருமை அவர் குரலில் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அப்பாரு இறந்தார். சுவரில் மாட்டப் படம் வேண்டும். தேடினால், அவர் முகம் தெளிவாக விழுந்திருந்தது அந்த ஒரு படத்தில்தான். பக்கத்து நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்தோம். அங்கிருந்த ஓவியர் கைத்திறன் உள்ளவர் என்றே சொல்ல வேண்டும்: கொம்புகளை அழித்தார், திமிலை அழித்தார், வெற்றுத் தோளை என்ன செய்வதென்று யோசித்து, ஒரு கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் போட்டுவிட்டார். வாழ்நாளில் கல்யாணத்துக்குக்கூடத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போன மனிதர், நாற்பது வருடமாக எங்கள் வீட்டுச் சுவரில் வழக்கறிஞர்போல் தொங்கிக்கொண்டிருக்கிறார். புதிதாக வரும் மருமகள்கள், தாத்தா என்ன படித்திருந்தார் என்று தவறாமல் கேட்பார்கள்.

அப்பத்தா அந்தச் சுவர்ப் படத்துக்குப் பூப் போட்டதே தவிர, நின்று பார்த்து நான் கண்டதில்லை. கொம்பு முளைத்த பழைய படத்தைத்தான் வெற்றிலைப் பைக்குள் மடித்து வைத்திருந்தது. அது ஓரம் தேய்ந்து, சுண்ணாம்புக் கறை பட்டு, இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தப் படம் எதற்கு, இதில் மாடுதானே தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "அவிய ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கண்ணு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, பாக்கு வெட்டப் போய்விட்டது.

அந்தக் கட்டிலிருந்த இன்னொரு படத்தைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் உண்டு. அக்காவின் கல்யாணம் 1986 தை மாதம் நடந்தது. அதற்கு உள்ளூர்ப் படக்காரர் ஒருவர் வந்தார். 36 படச் சுருள்கள் இரண்டு போட்டு எடுத்தார். ஒரு படத்துக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், ஒரு சுருள் முழுவதும் சேர்ந்து முக்கால் நொடிகூட இல்லை. மூன்று நாள் கல்யாணத்தில் ஒன்றேகால் நொடியை நாங்கள் ஆல்பமாக ஒட்டி வைத்திருக்கிறோம். அந்த ஒன்றேகால் நொடிக்குள் யார் வர வேண்டும் என்பதற்குப் பெரிய சண்டையே நடந்தது. சீர் கொண்டுவந்தவர்கள், சடங்குகளை நடத்தும் அருமைக்காரர், மாமன்மார், மாமன்மாரின் சம்பந்திகள் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடாமல் முடிவு இல்லை. பாடுபவர் ஊர்க் குடிமகன், அதாவது நாவிதர். கம்பர் இயற்றித் தந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மணமக்களின் எதிரே நின்று அவர் நீளப் பாடிக்கொண்டு போக, இடையிடையே மத்தளத்தில் ஓர் அடி விழும். எங்கள் ஊரில் பாடியவர் வயதானவர், கணீரென்ற குரல், எழுத்துத் தெரியாது, முழுவதும் மனப்பாடம். அவர் ஆல்பத்தில் இல்லை. ஒரே ஒரு படத்தில், இடது ஓரத்தில், ஒரு காதும் உயர்த்திய கையும் மட்டும் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. நான் இத்தனை வருடம் அதைக் கவனித்ததில்லை. படக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது; யாரை எடுக்க வேண்டும் என்று விரல் நீட்டிச் சொன்னவர்கள் நாங்கள். யாரும் அவரை நோக்கி விரல் நீட்டவில்லை. பாட்டு இல்லாமல் கல்யாணம் நடக்காது. பாடியவர் இல்லாமல் ஆல்பம் நடக்கும்.

ஆனால் அவர் குரல் இருக்கிறது. நாகசுரத்தைப் பதியலாம் என்று அப்பா ரிக்கார்டரை மணவறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனவர் அதை நிறுத்த மறந்திருக்கிறார். நாகசுரம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இருபத்தைந்து நிமிடமும் மங்கல வாழ்த்து. நடுவில் யாரோ "பந்தி போட்டாச்சா" என்று கேட்கிறார். ஒரு குழந்தை வீறிடுகிறது. யாரோ ஒருவர் பாடுபவரிடமே, சீக்கிரம் முடிக்கச் சொல்லி அதட்டுகிறார். அதட்டியவர் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். பாடியவர் பாட்டை விரைவுபடுத்தவில்லை. ஒரே ஒரு மத்தள அடி அளவு நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து அதே நிதானத்தில் தொடர்கிறார். பக்கம் முடிந்து நாடா நின்றபோது அவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

இதில் என்னைக் குத்தும் விஷயம் ஒன்று உண்டு. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களில் அந்தக் கண்ணபுரத்துக்கு அருகில் ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடியவர்களிடமிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். எங்கிருந்தோ வந்தவர் எங்கள் பாட்டைத் தேடிப் பதிந்துகொண்டிருந்தார். இருபது வருடம் கழித்து, கையில் எந்திரம் கிடைத்ததும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் பதிந்தோம். சினிமாப் பாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, என் வாழ்க்கையில் பாதி அதனால்தான் தாங்கக்கூடியதாக இருந்தது. இருந்தாலும், 43 கேசட்டில் வேறெங்கும் கிடைக்காதது எது என்று கேட்டால், அப்பா நிறுத்த மறந்த அந்த இருபத்தைந்து நிமிடத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஓரத்தில் தற்செயலாகப் பதிந்ததே பெரிது என்ற இந்தக் கட்சியிலிருந்து, புத்தக விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் விலகி நிற்கிறேன். நான் படிக்கப் பழகியது தறிக் குடோனில். பள்ளி விட்டு வந்ததும், ஊடை நூலைக் கதிர்களில் ஏற்றித் தார் சுற்றும் எந்திரத்தின் முன்னால் உட்கார வேண்டும். கதிர்கள் நிறைய நிறைய எடுத்துவிட்டு வெறுங்கதிர்களை மாட்ட வேண்டும். இடைப்பட்ட ஒன்றிரண்டு நிமிடங்களில், மடியில் வைத்திருக்கும் கிளை நூலகத்துப் புத்தகத்தில் அரைப் பக்கம் ஓடும். சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியில்தான் அந்த ஓட்டுக் கட்டடமும், அதில் இருந்த ஒற்றை மின்விசிறியும், என் மடியில் இருந்த புத்தகமும் வந்தன என்பது அப்போது தெரியாது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் என்னை விடவில்லை. அமைதியான அறையில் எனக்கு எழுத்து ஓடாது. மார்கழிக் குளிரிலும் மின்விசிறியை உச்சத்தில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் படிக்கிறேன்; என் கணவர் இதைச் சகித்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அந்த நூலகத்தில்தான் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' கிடைத்தது. 1942இல் வெளிவந்த நாவல். தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது. எனக்குப் பதினாறு வயது. எங்கள் அப்பத்தா பேசுவதுபோல் ஆட்கள் ஒரு புத்தகத்துக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் இருப்பவர்கள் வேறு தமிழ் பேசுவார்கள், நாம் பேசுவது எழுதத் தகாதது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, ஆனால் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன் என்பது அன்று தெரிந்தது. போதாததற்கு, ஒரு பக்கத்தின் ஓரத்தில் எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்: "எங்க ஆத்தாளும் இதேதான் சொல்லும்." அந்தப் பென்சில் வரியை நான் தொட்டுப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் அதுவரை ஏழு முத்திரைகள்தான் இருந்தன. அந்த ஏழு பேரில் ஒருவர் என் சொந்தக்காரர் என்று முடிவு செய்துகொண்டேன்.

பல வருடம் கழித்து, ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் புதுப் பதிப்பு ஒன்று வாங்கினேன். சுத்தமான தாள், ஓரத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் அந்த நாவலையே முதல் முறையாகப் படித்தேன் என்று தோன்றியது. கணவனை இழந்த ஒரு பெண் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அதிலிருந்து எல்லாம் சரிகிறது. பதினாறு வயதில் நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் பேச்சை மட்டும் கேட்டு, நம் பழமை, நம் சொல் என்று பூரித்துப்போயிருந்தேன்; அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தப் பென்சில் வரிதான் என் காதில் கைவைத்துத் திருப்பிவிட்டது என்று நினைக்கிறேன். ஓரத்தில் இருப்பவை எல்லாம் நல்லவை என்று நான் சொன்னால், நாகம்மாள் சிரிப்பாள்.

கணினிக்கு மாற்றிய பிறகு என் மகன் ஒரு யோசனை சொன்னான். தறிச் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு சில நொடிகளை மாதிரியாகக் காட்டினால், அதே தன்மையுள்ள ஒலியைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துத் தருகிற மென்பொருள் இருக்கிறதாம். இரண்டு பாட்டுகளுக்குச் செய்தும் காட்டினான். தறிகள் ஆறும் போயின. கூடவே பாடகரின் மூச்சும், வயலினின் பாதியும் போயின. மிச்சம் இருந்தது தகர டப்பாவுக்குள் ஈ பறப்பதுபோல் ஒரு பாட்டு. அவன் மேல் தப்பில்லை. அவன் தறி ஓடிக் கேட்டதில்லை. 2019இல் எங்கள் தறிகள் பழைய இரும்புக்கு எடை போட்டுப் போனபோது அவன் விடுதியில் இருந்தான். கழித்ததைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.

அம்மா இப்போது எங்களுடன் திருப்பூரில் இருக்கிறார். காது பெரும்பாலும் போய்விட்டது. முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்கு முதலில் போவது உச்ச ஒலிகள். 4000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் கேள்வி தேயத் தொடங்குகிறது என்று மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதனால்தான் அவருக்குப் பேச்சின் ஓசை கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. ஆனால் தறிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சறியும் வித்தை தெரியும். அதை வைத்துச் சமாளித்துவிடுகிறார். கீழ்ஸ்தாயியில் இருக்கும் அடிகள், கதவு சாத்தும் சத்தம், இடி, இவை அவருக்கு இன்னும் நன்றாகவே கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், அரிசியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தவருக்கு ஹெட்போனை மாட்டி, ஒலியை முழுதாக ஏற்றி, 1-8-87ஐப் போட்டேன். பதினோராம் நிமிடத்துக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீச்சு வந்தது. அப்பாவின் குரல் வந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை; அந்த உச்சத்தில் அவருக்கு எதுவும் இருந்திருக்காது. நான் கொஞ்சம் ஏமாற்றத்துடன் ஹெட்போனைக் கழற்றக் கை நீட்டினேன். அதற்குள் தறிகள் ஒவ்வொன்றாக எழுந்துகொள்ளும் இடம் வந்துவிட்டது. அம்மா என் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புருவம் சுருங்கியது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நாடா சரியில்லையே" என்றார், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில்.

முப்பத்தெட்டு வருடத்துப் பழசு அம்மா, அப்படித்தான் இருக்கும் என்று அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து சொன்னேன்.

"அட, இந்த நாடா இல்ல கண்ணு. மூணாந் தறி நாடா. பொட்டிக்குள்ள போயி முட்டுது பாரு. உங்கப்பாவ நிறுத்திப் பாக்கச் சொல்லு, பாவு அறுந்துரப் போகுது."